ஏச்சுக்குப் பயந்து நான் தொலைபேசியை எடுக்காத 40 நிமிடம்

உவர்மலைத் தாதி (இழையைத் தொடங்கியவர்) | சனி, காலை 9.20

நைட் முடிந்து வந்து குளித்துப் படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆட்களைக் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை.

போன மழைக்காலத்தில் நடந்தது. டெங்கு நேரம், பிள்ளைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளை. நடுச்சாமம் 12 மணிபோல ஒரு பிள்ளைக்கு சேலைன் ஓடவில்லை என்று கடமையில் இருந்த டொக்டரை எழுப்பினேன். வந்தார், சேலைன் ஏற்றும் ஊசிக்குழாயான கனுலாவை மாற்றினார், போகும்போது ஆறு தாய்மார் பார்த்துக்கொண்டிருக்க, "இதுக்கெல்லாம் ஆளை எழுப்புறதா? ஒன்பது வருசமா என்னத்தைப் படிச்சீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். அவரும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு ஏழாம் கட்டிலில் இருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு பிரஷர் பார்த்தேன். காய்ச்சல் விட்டு ஒரு நாள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம், அப்போதுதான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும். 90க்கு 70 காட்டியது. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20. 20க்கு வந்துவிட்டால் பிள்ளை ஷொக்குக்கு, அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலைக்குப் போகிறது, டொக்டருக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது பயிற்சிக்கு வந்த முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். கை தொலைபேசிக்குப் போனது, திரும்பி வந்தது. பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டி, கஃப், சரியாகச் சுற்றவில்லையோ என்று கழற்றித் திரும்பச் சுற்றினேன். அதே 90க்கு 70. பிள்ளை தூக்கத்தில் அசைந்திருக்கும், கால் மணி கழித்துப் பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணைச் சார்ட்டில் எழுதவும் இல்லை. எழுதினால் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். கால் மணி கழித்துப் பார்த்தேன். பிறகு இன்னும் ஒரு கால் மணி.

2.40க்கு நிலம் துடைக்க வந்த சுகாதார உதவியாளர் அக்கா பிள்ளையின் போர்வையை இழுத்துவிடும்போது காலைத் தொட்டுவிட்டு, "மிஸ், இந்தப் புள்ளட கால் ஐஸ் மாதிரி இருக்கு" என்றார். நான் பேசாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "நீங்க எடுக்காட்டி நான் போய்க் கதவைத் தட்டுறன். ஏசினா ஏசட்டும், எனக்குப் பழக்கம்தானே" என்றார்.

எடுத்தேன். டொக்டர் செருப்பும் போடாமல் ஓடி வந்தார். விடியும் முன் பிள்ளைக்குச் சிறுநீர் போனது, இரத்த ஓட்டம் திரும்பியதற்கு அதுதான் அடையாளம். நாலாம் நாள் தாயோடு மூதூர் பஸ்ஸில் ஏறிப் போனது. அந்த 40 நிமிடத்தைப் பற்றி டொக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த அக்கா சொன்ன "எனக்குப் பழக்கம்தானே" தான் என்னைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. அவருக்கு அதைப் பழக்கியது யார்? அதே வாரம் துணி கொண்டுவரப் பிந்தியதற்கு வார்டின் நடுவில் வைத்து "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டது நான்தான். ஆறு வருடம் ஒன்றாக நைட் செய்திருக்கிறோம், எனக்கு அவருடைய பெயர் தெரியாது.

உங்கள் இடங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உண்மையாகக் கேட்கிறேன்.

—

மூதூர் மகன் | சனி, காலை 10.05

பிள்ளை தப்பியது அல்லாஹ்வின் கிருபை. எழுதியதற்கு நன்றி மிஸ், எங்கள் ஊர்ப் பிள்ளை அது.

நோயாளி பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். என் உம்மாவுக்கு 68 வயது. கிளினிக்கில் வேலை செய்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை "நீ எங்க இருந்து வந்த? அங்க போய் இரு" என்கிறது. ஊரில் உம்மாவை நீ என்று கூப்பிட அவருடைய மூத்த சகோதரி ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். சுகர் மாத்திரை ஒன்று வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லத்தான் உம்மா அன்றைக்குப் போனார். சொல்லாமலே வந்துவிட்டார். மூன்று மாதம் அந்த மாத்திரையைப் போடாமல் தலையணைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தார், வீடு கூட்டும்போது கண்டெடுத்தோம்.

—

சாம்பல்தீவு | சனி, காலை 10.40

நம் மொழியில் மரியாதைக் குறைவுக்குக் கெட்ட வார்த்தை தேவையே இல்லை, வினையின் வால் போதும். வா, வாரும், வாங்க. நீ, நீர், நீங்கள். யாழ்ப்பாணத்தில் படித்து வந்த ஒரு மூத்தவர் எங்களை எல்லாம் நீர் என்பார். அவர் ஊரில் அது சினேகமான பேச்சு, இங்கே கிழக்கில் வளர்ந்த எங்களுக்கு அது பாதி மரியாதையை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னோம். மனிதர் உண்மையிலேயே அதிர்ந்து போனார், அடுத்த நாளிலிருந்து நீங்கள். கேட்டால் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

—

ஓய்வுபெற்ற சிஸ்டர் | சனி, மதியம் 1.15

மகள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் ஏச்சு வாங்கித்தான் வேலை படித்தோம். 80களில் எங்கள் வார்ட் சிஸ்டர் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் முழுதையும் இழுத்துப் போட்டுத் திரும்ப விரிக்கச் சொல்லுவார். அழுதிருக்கிறோம். ஆனால் தவறு விடவில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததே 2009இல் தானே, அதுவரைக்கும் பாதைக்காக (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்காக) காத்திருந்து கடந்து வருகிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறோம், 2004 சுனாமி அன்று கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் அடித்த பிறகு வராந்தாவில் மண்டியிட்டுத் தையல் போட்டிருக்கிறோம். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் அன்றைக்கு நின்றிருக்க மாட்டோம். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு சொல் தாங்காது.

—

இன்டர்ன் முடித்தவன் | சனி, மாலை 4.30

நான் டொக்டர். நீங்கள் சொன்ன அந்த டொக்டர் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

இன்டர்ன் வருடத்தில் ஒருநாள் வார்ட் ரவுண்டில் ஒரு இரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. கன்சல்டன்ட் கட்டில் டிக்கெட்டை, அதாவது நோயாளியின் குறிப்புக் கோப்பை, என் பக்கம் வீசினார். கிளிப் கழன்று தாள்கள் நிலம் முழுக்கப் பறந்தன. நான் குனிந்து பொறுக்கினேன். பதினைந்து பேர் நின்றார்கள், ஒருவரும் குனியவில்லை. ஒரு எக்ஸ்ரே கவர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, அதை எடுக்கப் படுக்க வேண்டியிருந்தது. நிலத்தில் கன்னம் பட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்று பின்னேரம் ஒரு மிஸ் ஊசி மருந்தின் அளவைக் கேட்டு இரண்டாம் தரம் எடுத்தபோது நான் கத்தினேன். அந்தத் தாள்களைத்தான் அவர்மேல் எறிந்தேன் என்று இப்போது விளங்குகிறது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். எத்தனை டொக்டர்மார், எத்தனை மிஸ்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கும்போது பொறுமை எங்கே மிஞ்சும்? இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தூக்கமில்லாத ஆளிடம் இனிமையாகப் பேசு என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் போதாது, ரோஸ்டரையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

—

வெளிநோயாளர் வரிசை | சனி, மாலை 5.10

சனம் எங்களை ஏசுவதையும் எழுதுங்கள். போன மாதம் ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே என்னைத் திட்டினார், மருந்து இல்லாததற்கு நானா காரணம்?

—

மூதூர் மகன் | சனி, மாலை 5.25

அது பெரிய பிழை. யார் செய்தாலும் பிழை.

—

மயக்க மருந்து | சனி, இரவு 9.50

சிஸ்டர் அம்மா சொன்னதற்கு மரியாதையோடு ஒரு பதில். கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. விரிப்பைத் திரும்ப விரிக்கச் சொன்னது கண்டிப்பு, அதில் வேலை திருந்தும். "என்னத்தைப் படிச்சீங்க" என்று ஆறு தாய்மார் முன்னால் கேட்டதில் என்ன திருந்தியது? ஒரு தொலைபேசி அழைப்பு 40 நிமிடம் பிந்தியது.

இது வெறும் மனவருத்தக் கதை இல்லை. இஸ்ரேலில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளிவந்தது. பொம்மைக் குழந்தை, குடல் அழுகும் நோய், திடீரென்று மோசமாகிறது, கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்க்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். பாதிக் குழுக்களிடம் அவர், உங்கள் நாட்டு வைத்தியத் தரம் எனக்குத் திருப்தியில்லை, இப்படிப்பட்டவர்கள் என் பிரிவில் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள் என்ற பாணியில் சொன்னார். கத்தவில்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் பின்தங்கின, செய்முறையிலும் பின்தங்கின. காரணத்தைப் பார்த்தால், தங்களுக்குள் தகவல் சொல்வது குறைந்தது, உதவி கேட்பது குறைந்தது. அவ்வளவு லேசான ஒரு சொல்லுக்கு. நம் வார்டுகளில் விழுவது அதைவிட எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இது எங்கள் துறையிலேயே நடந்தது, நான் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் சொல்வேன். 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் குழாய் இறங்கவில்லை, மாஸ்க்கால் காற்றும் போகவில்லை. அந்த அறையில் அனுபவமுள்ள வைத்தியர்கள் இருந்தார்கள், திரும்பத் திரும்பக் குழாயையே போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாதி கழுத்தில் துளை போடும் கருவி செட்டைக் கொண்டுவந்து, "இங்கே இருக்கிறது" என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கேட்டார். செய்ய வேண்டியது என்ன என்று தாதிமாருக்குத் தெரிந்திருந்தது, அதை மேலே இருப்பவர்களிடம் எப்படி அழுத்திச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. 13 நாள் கழித்து அவர் இறந்தார். கணவர் மார்ட்டின் விமானி. விமானத்தில் உதவி விமானி கப்டனைத் தடுக்கப் பழக்குகிறோமே, இங்கே ஏன் அது இல்லை என்று கேட்டார். யார் மீதும் வஞ்சம் வைக்காமல் அந்தக் கேள்வியையே தன் வேலையாக்கிக்கொண்டார், ஆஸ்பத்திரிகளில் அந்த மரணத்தை வைத்து இன்றும் படிப்பிக்கிறார்கள்.

உவர்மலைத் தாதி, அந்த அறையில் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாதியும் நீங்களும் ஒரே இடத்தில்தான் நின்றீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரு அக்கா வந்தார்.

—

ஓய்வுபெற்ற சிஸ்டர் | ஞாயிறு, காலை 6.30

இரவு முழுக்க இதை யோசித்தேன். தவறு விடவில்லை என்று எழுதினேன். விட்டிருக்கிறோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1987இல் ஒரு ஊசி. இதற்கு மேல் எழுத முடியாது.

கண்டிப்பு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

—

சாம்பல்தீவு | ஞாயிறு, காலை 8.00

சிஸ்டர், நீங்கள் எழுதியதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று தெரியும்.

90களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், நல்ல ஒற்றுமையான வார்டுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்கெடுத்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. பிறகு போய்ப் பார்த்தால், அங்கே பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடத்தில் மறைக்கிறார்கள்.

—

ஒரு லேபர் | ஞாயிறு, காலை 11.20

நான் அதிகம் எழுத மாட்டேன். 14 வருசம் சுகாதார உதவியாளர் வேலை. எங்களை லேபர் என்றுதான் கூப்பிடுவார்கள், பெயரே அதுதான் என்று ஆகிவிட்டது. ஆனால் நோயாளி பக்கத்தில் கூட நேரம் நிற்பது நாங்கள். தூக்குவது, துடைப்பது, டொய்லெட்டுக்குக் கூட்டிப் போவது. யாருக்கு மூச்சு வாங்குது, யார் நேற்றையில் இருந்து சாப்பிடவில்லை, யார் மருந்தைக் கட்டிலுக்குக் கீழே போடுகிறார் எல்லாம் எங்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவோம். ஒருதரம் சொன்னேன், உன் வேலையைப் பார் என்றார்கள். அதற்குப் பிறகு என் வேலையைப் பார்க்கிறேன்.

அந்த அக்கா கதவைத் தட்டுகிறேன் என்று சொன்னது லேசான விசயம் இல்லை. எங்களுக்கு ஒரு ரிப்போர்ட் போட்டால் போதும்.

—

இன்டர்ன் முடித்தவன் | ஞாயிறு, மதியம் 12.05

அண்ணா, இதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. திங்கள் ரவுண்டில் உங்கள் ஆட்களில் ஒருவரையும் கட்டிலடிக்கு வரச்சொல்லப் போகிறேன். உண்மையாக.

—

தம்பலகாமம் வயல் | ஞாயிறு, மாலை 3.40

மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஆட்கள் எல்லோரும் ஒரே வார்டில் வேலை செய்கிறோம், டொக்டர்மாரில் பலர் தெற்கிலிருந்து வருகிறவர்கள். பாதிச் சண்டை மொழியால் வருவதுதான். அவர் அவசரமாகச் சிங்களத்தில் சொல்வார், நம்மவருக்கு அரைகுறையாக விளங்கும், திரும்பக் கேட்கப் பயம், அதற்குள் தப்பான தட்டு போயிருக்கும், ஏச்சு விழும். எங்கள் இடத்தில் காலியிலிருந்து வந்த ஒரு டொக்டர் முதல் நாளே ஒரு கொப்பியை எங்களிடம் தந்து, எனக்குத் தேவையான தமிழை இதில் சிங்கள எழுத்தில் எழுதித் தாருங்கள் என்றார். எங்கே வலிக்குது அம்மா, எத்தனை நாள், மூச்சு எடுங்க. நாங்கள் எழுதும்போதே எல்லாவற்றிலும் ங்க போட்டுக் கொடுத்தோம், அதனால் அவருக்கு மரியாதை இல்லாத தமிழே தெரியாது! அவருடைய கிளினிக் நாளில் சனம் விடியவே வந்து நிற்கும்.

—

மயக்க மருந்து | ஞாயிறு, இரவு 8.15

செய்ய முடிந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தொலைபேசியில் நடுங்கி நடுங்கி "சேர், அந்தப் புள்ளை கொஞ்சம் ஒரு மாதிரி" என்று தொடங்கினால் தூக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். நாலு படியாகச் சொல்லிப் பழகுங்கள்: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். "ஏழாம் கட்டில், பிரஷர் 90க்கு 70. ஆறு வயது, டெங்கு, காய்ச்சல் விட்டு ஒரு நாள். ஷொக்குக்குப் போகிறது என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள்." அரை நிமிடம் போதும். இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு விளங்கும், தண்ணீருக்கு அடியில் பதவி பார்த்துப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆனால் முறையை மட்டும் தாதிமாருக்குப் படிப்பித்துவிட்டு, மறுபக்கத்தில் எடுக்கிறவருக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டால் பயனில்லை. எடுக்கிறவர் சொல்ல வேண்டிய முதல் சொல்லையும் பழக்க வேண்டும். நான் "சொல்லுங்க" என்பேன். வேறு ஒன்றும் இல்லை.

—

உவர்மலைத் தாதி | அடுத்த வெள்ளி, மாலை 4.45

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தேன்.

செவ்வாய் நைட்டில் அந்த அக்காவிடம் போனேன். பெயரைக் கேட்டேன். சொன்னார். "மிஸ், உங்களுக்கு என்ட பெயர் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், ரோஸ்டரில பார்த்து எழுதுற நேரமும் நீங்க பார்க்கிறது நம்பரைத்தான்" என்றார், கோபமே இல்லாமல். அவரை ஏசியது வார்டின் நடுவில் என்பதால் மன்னிப்பையும் வார்டின் நடுவில்தான் கேட்டேன். தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெட்கப்பட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெயரை இங்கே எழுதவில்லை, வார்டில் இப்போது அந்தப் பெயரோடு அக்கா சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம், இரண்டு பேருக்கு இன்னும் வாய் வரவில்லை, வரும்.

டொக்டரிடம் பேசுவதற்குத்தான் மூன்று நாள் எடுத்தது. இந்த இழையைக் காட்டவில்லை, 40 நிமிடத்தை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு மணிக்கு நீங்க பார்த்திருப்பீங்க என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் மிஸ். கேட்டா நான்தான் காரணம் என்று வந்திடும், அதான் கேக்கல்ல" என்றார். பிறகு இரண்டு பேருமாக வெள்ளைப் பலகையில் எழுதினோம்: இடைவெளி 20 என்றால் யார் பார்த்தாலும், எத்தனை மணியானாலும் எழுப்பலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. யார் பார்த்தாலும் என்பதற்குக் கீழே அவரே கோடு போட்டார்.

நேற்று இரவு 3.10க்கு எடுத்தேன். நாலாம் கட்டில், இடைவெளி 20. "சொல்லுங்க" என்றார், அவரும் இந்த இழையை வாசிக்கிறாரோ தெரியாது. வந்து பார்த்தார், ஒன்றுமில்லை, அவசரத்தில் பெரிய பிள்ளைகளின் கஃபைச் சுற்றியிருக்கிறோம். சின்னதைச் சுற்றிப் பார்த்தால் 100க்கு 65. எனக்கு முகம் சுட்டது. "பரவாயில்ல மிஸ், திரும்பவும் இப்படி இருந்தா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு எண்களையும், அழைத்த நேரத்தையும் சார்ட்டில் எழுதினேன்.

இன்றைக்கும் நைட். ஏழு மணிக்குப் போக வேண்டும்.